ஜூமில் பட்டறை

அன்புள்ள சார்,

எங்கள் வாசகர் வட்டம் போன வருடம் 20 பேருக்கு இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை நடத்தியது. இந்த முறை ஹால் வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகவில்லை, ஜூமில் நடத்தலாம் என்கிறார்கள் நண்பர்கள். அதே நிகழ்ச்சி நிரலை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

வைக்காதீர்கள். 2020 ஊரடங்கில் நான் செய்த தப்பு அதுதான். காலை 10 முதல் மாலை 5 வரை, ஹாலில் நடத்துவதைப் போலவே நடத்தினேன். மூன்று மணிக்கெல்லாம் திரை முழுக்கக் கருப்புக் கட்டங்கள், யார் இருக்கிறார்கள், யார் தூங்கப் போனார்கள் என்றே தெரியவில்லை.

நேரில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நின்றால் போதும். ஒருவர் பேனாவை மூடுவார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், யார் பேசப்போகிறார் என்பது அவர் பேசுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கச் சராசரியாக 200 மில்லிசெகண்ட்தான் ஆகிறது என்று பல மொழிகளை ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். நெட் தாமதம் அந்த இடைவெளியைத்தான் தின்கிறது. அதனால்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஒரு நிமிடம் போகிறது.

குழு வேலை இன்னும் சிக்கல். ஹாலில் ஐந்து குழுக்களின் சத்தமும் ஒரே சமயத்தில் காதில் விழும், இரைச்சல் ஏறி இறங்குவதை வைத்தே வேலை முடிந்ததா, அரட்டை ஆரம்பித்ததா என்று சொல்லிவிடலாம். ஜூமில் ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து விடுகிற பிரேக்அவுட் அறைகளில் ஒரு நேரத்தில் ஓர் அறைக்குள்தான் நுழைய முடியும். நான் இப்போது எல்லாக் குழுவையும் ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதச் சொல்கிறேன். கர்சர் அசையாமல் நிற்கிற குழு எது என்று பார்த்து அங்கே போகலாம்.

ஆன்லைனில் ஒன்று நன்றாக நடக்கிறது, அதையும் சொல்லவேண்டும். கேள்வியைப் போட்டு, "பதிலை சாட்டில் எழுதுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்பேன். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். நேரில் வாயே திறக்காத ஒருவரின் வரி பெரும்பாலும் அதில் முதல் தரமாக இருக்கும், ஹாலில் நான் அவரைக் கவனித்தே இருக்கமாட்டேன்.

கதையை விமர்சிக்கும் அமர்வை மட்டும் திரையில் வைக்காதீர்கள். கதை எழுதியவரின் முகம் மாறுவது தெரியாமல் நாம் பேசிக்கொண்டே போவோம். நேரில் என்றால் டீ இடைவேளையில் பக்கத்தில் போய் நின்று ஒரு வார்த்தை சொல்லிச் சரிசெய்யலாம். ஜூமில் மீட்டிங் முடிந்ததும் அந்த ஆள் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அதனால் இரண்டு நாளை உடையுங்கள். வாசிப்பும் பயிற்சியும் நான்கு ஞாயிறு, தலா ஒன்றரை மணி நேரம், ஜூமில். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், அதையே இடைவேளையாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதும் அலுப்புக்கு ஒரு காரணம், ஆகவே அவரவர் முகத்தை அவரவர் திரையில் மறைக்கச் சொல்லிவிடுங்கள்.

விமர்சனத்துக்கு ஒரே ஒரு நாள் நேரில். ஹால் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஏதாவது பள்ளி வகுப்பறையைக் கேளுங்கள், சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரட்டும். டீ செலவு மட்டும் வட்டத்துடையது.