உடலைக் கொடுத்துவிட்டால் உயிர்த்தெழுதல் இல்லையா?

கேள்வி: அப்பாவின் விருப்பப்படி அவர் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். "கல்லறையில் வைக்காத உடல் கடைசி நாளில் எப்படி எழும்பும்?" என்று உறவினர்களும் சபையில் சில பெரியவர்களும் கேட்டுக் கேட்டு அம்மாவை அழ வைக்கிறார்கள். "உடல் வெறும் சட்டை, ஆத்துமா அப்போதே பரலோகம் போய்விட்டது, சட்டையைப் பற்றி என்ன கவலை?" என்று நான் சொல்லிவிட்டேன். சரிதானே? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உடலைக் கொடுத்தது சரி. சொன்ன பதில்தான் சரியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் உறவினர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் பிடிக்க வேண்டிய விஷயத்தைப் பிடித்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களை மடக்கும் அவசரத்தில் அந்த விஷயத்தையே தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

முதலில் அவர்களுக்கு. கி.பி. 177-இல் இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். உடல்களைப் புதைக்க விடாமல் ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, அப்புறம் எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுந்திருப்பார்கள் பார்ப்போம் என்பதுதான் அதன் நோக்கம் என்று, அந்தச் சபையார் எழுதி, பழைய சபை வரலாற்று ஆசிரியர் யூசேபியஸ் காப்பாற்றி வைத்த கடிதம் சொல்கிறது. அந்தச் சாம்பலுக்குரியவர்களைத்தான் சபை இன்றுவரை இரத்தசாட்சிகள் என்று கொண்டாடுகிறது. அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எந்தச் சபையும் சொன்னதில்லை. கல்லறை இல்லையென்றால் கடவுளுக்கு ஆள் கிடைக்காது என்பது அன்றைக்கு எதிரிகளின் வாதம். இன்றைக்கு அதைப் பெரியவர்கள் எடுத்துப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் எரிப்பதைத் தடை செய்தது உண்மை. ஆனால் எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்பதற்காக அல்ல, உயிர்ப்பே பொய் என்று காட்டிக்கொள்வதற்காகவே சிலர் எரித்தார்கள் என்பதால். 1963-இல் தடையை எடுத்துவிட்டார்கள். உறுப்பு தானத்தையோ அதே திருச்சபை பாராட்டவே செய்கிறது.

போகட்டும், மண்ணில் வைத்த உடல் மட்டும் அப்படியேவா இருக்கிறது? நூறு வருஷத்தில் அதுவும் மண்தான். கடலில் போனவர்கள், மிருகம் தின்றவர்கள் எல்லாரையும் பற்றிப் பழங்கால இறையியலாளர் அகுஸ்தீன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் தின்றால் அந்தச் சதை கடைசியில் யாருக்குச் சேரும், வாழ்நாளெல்லாம் வெட்டிப்போட்ட முடியும் நகமும் என்ன ஆகும் என்பதுவரை போயிருக்கிறார் மனிதர். உங்கள் உறவினர்கள் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி.

இனி உங்களுக்கு.

உடல் ஒரு சட்டை, கூட்டை விட்டுப் பறக்கும் பறவை, சிறையிலிருந்து தப்பும் கைதி: இதெல்லாம் அழகான, பழமையான சிந்தனைகள், பெரிய பெரிய ஞானிகள் சொன்னவை. ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் அது இல்லை. நீங்கள் ஆராதனையில் வாய்விட்டுச் சொல்கிற விசுவாசப் பிரமாணம் எப்படி முடிகிறது? 'சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்' என்று. ஆத்துமா தப்பித்துப் போகும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அப்போஸ்தலர் பவுல் கிரேக்க நகரமான ஏதென்ஸில் பேசியபோது மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததும் சிலர் கேலி செய்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17 சொல்கிறது. ஆத்துமா அழியாது என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அதையே கற்பித்த தத்துவஞானி பிளேட்டோவின் ஊரில் யார் சிரித்திருப்பார்கள்? உடல் எழும்பும் என்றதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அப்படியானால் அப்பா இப்போது எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பாலான சபைகள், இறந்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்றே சொல்கின்றன. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு 'இன்றைக்கு என்னோடு பரதீசில் இருப்பாய்' என்று இயேசு சொன்ன வாக்கும், தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் அதற்கு ஆதாரம். இல்லை, கடைசி நாள்வரை தூக்கம்தான் என்கிற சபைகளும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும் அது இடைப்பட்ட நிலை. வெளிப்படுத்தின விசேஷம் 6-இல், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்துகொண்டு 'எதுவரைக்கும்?' என்று கூப்பிடுகின்றன. பரலோகத்தில் இருப்பவர்களே இன்னும் ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது நாம் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறோம்.

எப்படி எழும்புவார்கள், எப்படிப்பட்ட உடலோடு என்ற கேள்வி கொரிந்துவிலேயே எழுந்ததுதான். பவுல் கொடுத்த பதில் 'புத்தியீனனே' என்று ஆரம்பிக்கிறது (1 கொரிந்தியர் 15:36). பத்திரிகை ஆசிரியர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அப்புறம் அவர் விதையைக் காட்டுகிறார். விதைத்த விதையைத் தோண்டி எடுத்து முளைக்கு ஒட்டவைப்பதில்லை. ஆனாலும் நெல்லிலிருந்து நெல்தான் வருகிறது. அதனால் மருத்துவக் கல்லூரி அப்பாவின் எலும்பைப் பத்திரமாக வைத்திருக்கிறதா என்பது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. அதே சமயம், எழும்பப்போவது அப்பாவேதான், அவரைப் போன்ற இன்னொருவர் அல்ல. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்று நினைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். ஆணிக் காயம் அப்படியே இருந்தது. சீஷர்கள் முன்னால் மீன் சாப்பிட்டார். மாறியிருக்கிறார், ஆனால் அவரேதான்.

பவுலின் அதே 1 கொரிந்தியர் 15-இல் 'ஆவிக்குரிய சரீரம்' என்று வருவதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, உடல் இல்லை, ஆவிதான் என்பவர்கள் உண்டு. காற்றாலை என்றால் காற்றால் கட்டியதா? காற்று சுழற்றுவது. ஆவியானவர் இயக்கும் உடல் என்றுதான் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து, பல அறிஞர்களும் அப்படியே படிக்கிறார்கள்.

அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகையில் பாதி உறவினர்களால் என்றால் பாதி உங்கள் 'சட்டை'யாலும் இருக்கலாம். இத்தனை வருஷம் அவர் குடும்பம் நடத்தியது சட்டையோடா? அந்தக் கையையும் குரலையும்தானே அவர் இழந்திருக்கிறார்? பவுல் மரணத்தைக் 'கடைசிச் சத்துரு' என்கிறார், நாமோ துக்க வீட்டில் போய் அதை நண்பனாக்கி, அழாதீர்கள், நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்று வாயை அடைக்கிறோம். லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அம்மாவை அழ விடுங்கள்.

கல்லூரியில் மிஞ்சியதைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் அடக்கம் செய்து ஜெபிக்கலாம், தராவிட்டாலும் நினைவு ஆராதனை நடத்த எந்தத் தடையும் இல்லை. உங்கள் போதகரிடம் கேளுங்கள். உறவினர்கள் மறுபடியும் ஆரம்பித்தால் லியோன் கதையைச் சொல்லுங்கள். சட்டைக் கதை வேண்டாம்.