தொல்லை விலங்குகளைச் சுடும் வார்மின்ட் ரைஃபிளுக்குக் குறைந்த செலவில் எந்த மாற்றுக் கட்டை வாங்கலாம்?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கையில் இருப்பது .223 தோட்டாவுக்கான ரெமிங்டன் 700, தடித்த 26 அங்குலக் குழல், அதோடு வந்த பிளாஸ்டிக் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் பதியும் பகுதி). பிரெய்ரி நாய் (வளை தோண்டி வாழும் சிறு கொறிவிலங்கு), எப்போதாவது கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு), இவைதான் இலக்கு. 300 டாலருக்குமேல் போக மனமில்லை. கட்டைவிரல் நுழையும் துளை வைத்த தம்ப்ஹோல் கட்டை நல்லதா என்றும் கேட்டிருக்கிறார்.

என் பதில்: லாமினேட் மரக்கட்டை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் பெடிங் (உலோகப் பகுதியைக் கட்டையில் இடைவெளியில்லாமல் பொருத்துவது) செய்துகொள்ளுங்கள்.

மலிவான பிளாஸ்டிக் கட்டையின் கோளாறு முன்பகுதியில்தான் இருக்கிறது. உள்ளே வெறும் குழிவு, அங்கங்கே மெல்லிய குறுக்குத் தடுப்புகள். இருகால் தாங்கியை மாட்டிப் படுத்துக்கொண்டு தோளால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டுவிடும். சோதிப்பது எளிது. ரைஃபிளைக் காலிசெய்து, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) வரை இழுத்துப் பாருங்கள். சும்மா வைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். முன்பகுதியைக் குழலோடு சேர்த்து ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுங்கள். தாள் சிக்கினால் கட்டையை மாற்றக் காரணம் கிடைத்துவிட்டது. சிக்கவில்லையென்றால் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள், கட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இது பெரிய குறையில்லை, அவருக்கு ஒரு நாளில் ஒரு தோட்டா செலவானாலே அதிகம். பிரெய்ரி நாய்க் கூட்டத்தின் எதிரே உட்கார்ந்தால் அடுத்தடுத்துச் சுட நேர்கிறது, குழல் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறுகிறது. குழல் ஓரிடத்தில் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால், சூடேற ஏற அடி விழும் இடமும் நகர்ந்துகொண்டே போகும். 100 கெஜத்தில் ஓர் அங்குலப் பிசகு 300 கெஜத்தில் மூன்று அங்குலம். அந்தப் பிராணியின் உடம்பே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான்.

லாமினேட் என்பது மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு அழுத்திய கட்டை. ஒரே துண்டில் செதுக்கிய வால்நட்டைவிட ஈரத்துக்கு அசைந்து கொடுப்பது குறைவு, விலையும் தாங்கும். கனமாக இருக்கும் என்று குறை சொல்கிறார்கள். மலையேறுகிறவருக்கு அது குறைதான். ஒரே இடத்தில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுகிறவருக்கு அந்தக் கனம் லாபம், ஏனென்றால் துப்பாக்கி துள்ளுவது குறைகிறது, அடி எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். தென் டகோட்டாவின் மிட்செல் நகரில் இருக்கும் பாய்ட்ஸ் நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. அவர்களுடைய புரோ வார்மின்ட் வடிவத்தை முதலில் பார்ப்பேன். பின்பக்க நீளத்தையும் கன்னம் பதிக்கும் மேட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அவர்களிடமே அட்-ஒன் என்ற கட்டை இருக்கிறது.

கன்ன மேட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. தடித்த குழல், பெரிய முன்கண்ணாடி என்றால் ஸ்கோப்பை உயர்த்தித்தான் மாட்ட வேண்டியிருக்கும். கட்டையின் மேடு தாழ்வாக இருந்தால் கன்னத்துக்குப் பதில் தாடை போய் உட்காரும், கழுத்து வலிக்கும், ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டையில் முகத்தைப் பதித்துப் பிறகு திறந்து பாருங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் உயரம் சரி. அதிர்வைத் தாங்கும் ரப்பர் திண்டுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். .223 உதைக்கிற உதைக்கு அது தேவையே இல்லை.

மரமே வேண்டாம் என்றால் மேக்புல் ஹண்டர் 700 இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக் இனம்தான், ஆனால் விறைப்பானது, ஆக்‌ஷன் உட்காருமிடத்தில் அலுமினியம் வைத்திருக்கிறார்கள். பார்க்க எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். பெல் அண்ட் கார்ல்சன் கட்டைகளிலும் அலுமினிய அடித்தளம் கொண்டவை உண்டு. இன்னொரு வழி, பலரும் மறந்துவிடுவது: ரெமிங்டன் தன் 700 போலீஸ், செண்டெரோ மாடல்களில் ஹெச்-எஸ் பிரிசிஷன் என்ற நிறுவனத்தின் கட்டையைப் போட்டு விற்றது. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டியவர்கள் பழையதை விற்பார்கள். நல்ல நிலையில் ஒன்று உங்கள் தொகைக்குள் அகப்பட்டால், மேலே சொன்ன லாமினேட் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு அதை எடுங்கள். பழையதோ புதியதோ, கட்டை மட்டும் வாங்க உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலம் போகத் தேவையில்லை. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியாகக் கணக்கில் வருவது ரிசீவர்தான் (போல்ட் ஓடும் உலோக உடல்), கட்டை அல்ல.

ஆர்டர் போடுமுன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். உங்களுடையது நீளம் குறைந்த தோட்டாக்களுக்கான ஷார்ட் ஆக்‌ஷன். குழல் தடித்தது, ஆகவே அந்த அகலத்துக்குக் குடைந்த கட்டையாக இருக்க வேண்டும். அடியில் திறக்கும் மூடி இருக்கிறதா, மூடிய அடியா, கழற்றும் மேகசினா (தோட்டாப் பெட்டி) என்பதற்கேற்பக் கட்டை மாறும். இதைப் படிக்கும், சாவேஜ் நிறுவன ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ரைஃபிளில் திருகுகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறுகிறது. அளந்துவிட்டு வாங்குங்கள்.

வந்ததும் அப்படியே திருகி மாட்டிவிடாதீர்கள். பெடிங் என்பது ஆக்‌ஷன் உட்காரும் இடத்தை எபாக்சியால் வார்த்து இடைவெளியில்லாமல் பொருத்துவது. திருகுகளைச் சுற்றி அலுமினியக் குழாய்த் துண்டுகளையும் பதித்துவிட்டால் இறுக்கும்போது மரம் நசுங்காது. வீட்டிலேயே செய்யலாம். உலோகத்தில் எபாக்சி ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சை மட்டும் தாராளமாகப் பூசுங்கள், இல்லையென்றால் ரைஃபிளும் கட்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். குழல் கிடக்கும் பள்ளத்தில் பூச்சில்லாத மரம் தெரிந்தால் அதற்கும் வார்னிஷ் அடியுங்கள்.

அலுமினியத் துண்டுகள் பதித்த கட்டைக்கு 65 அங்குல-பவுண்டு இறுக்கம் வழக்கம். வெறும் மரத்துக்கு அவ்வளவு கூடாது. கட்டைக்காரர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். இறுக்கியபின் போல்ட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்காவது உரசினால் பெரும்பாலும் முன் திருகு நீளமாகி உள்ளே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம், அப்படியானால் நுனியை அரத்தால் கொஞ்சம் குறையுங்கள். சேஃப்டி நெம்புகோல் கட்டையில் தட்டாமல் முழுதாக நகர்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு ஸ்கோப்பை மறுபடி 100 கெஜத்தில் ஜீரோ செய்தாக வேண்டும் (குறியும் அடியும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்வது).

தம்ப்ஹோல்: பெஞ்சில் உட்கார்ந்து சுட வசதியாகத்தான் இருக்கும். கயோட்டி ஓடும்போது போல்ட்டை இழுக்கக் கட்டைவிரலைத் துளையிலிருந்து எடுத்து மறுபடி நுழைக்க வேண்டும். வலதுகைக்கென்று செதுக்கியதாக இருந்தால், வீட்டில் இருக்கும் இடதுகைக்காரருக்கு அது உதவவே உதவாது. நான் வாங்க மாட்டேன்.