அச்சு மாற்றும் நேரம்: உற்பத்தி முறைகள் பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூர் ஜூரோங் தொழிற்சாலைகளில் 27 வருஷம் உற்பத்தித் திட்டமிடல் பார்த்தவன். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

ஈசூன் வாசகி: தீபாவளிக்கு வீட்டிலேயே முறுக்கும் ஓமப்பொடியும் செய்து விற்கிறேன். ஆர்டர் வர வரப் பிழிகிறேன், ராத்திரி 2 மணி ஆகிவிடுகிறது. மெஷின் வாங்கலாமா அண்ணே?

இப்போதைக்கு வேண்டாம் அக்கா. ஒவ்வொரு ஆர்டரையும் தனியாக எடுத்து முடிக்கிறீர்கள். கல்யாண கேக்குக்கும் தைத்துக் கொடுக்கும் ரவிக்கைக்கும் அது சரி. முறுக்குக்கு பேட்ச் முறைதான், அதாவது ஒரே ரகத்தை மொத்தமாகச் செய்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது. குழலைக் கழுவி, வில்லை மாற்றி, அடுத்த மாவு பிசைய 20 நிமிஷம் என்று வையுங்கள். நாளுக்கு ஆறு தடவை மாற்றினால் 2 மணி நேரம் காலி, ஒரு முறுக்குகூட வேகாமல். இன்று முறுக்கு மட்டும், நாளை ஓமப்பொடி மட்டும் என்று பிரியுங்கள். ரொம்ப முன்னாலேயே செய்து குவித்துவிடாதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும்.

முடிந்தால் இன்னொரு குழல் வாங்குங்கள். ஒன்றில் பிழியும்போதே மற்றதில் மாவை அடைத்து வைக்கலாம். ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற உற்பத்திப் பொறியாளர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் 1,000 டன் பிரஸ்ஸுக்கு அச்சு மாற்ற 4 மணி நேரம் பிடித்தது. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலைகளை முன்கூட்டியே முடிக்கவைத்து, கடைசியில் அதை 3 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்.

பாலிடெக்னிக் மாணவர்: வேஃபர் ஆலை பேட்ச் முறையா, தொடர் முறையா?

பரீட்சைக்கு பேட்ச் என்று எழுதுங்கள் தம்பி. வேஃபர் என்பது சிப் செய்யும் மெல்லிய சிலிக்கான் வட்டு. ஒரு பெட்டியில் 25 வேஃபர். கூரைத் தண்டவாளத்தில் போகும் அந்தப் பெட்டி, ஒரே வகை மெஷினுக்குத் திரும்பத் திரும்ப வரும். நூற்றுக்கணக்கான படிகள், மாதக்கணக்கில். அசல் தொடர் முறை பார்க்க ஜூரோங் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பாருங்கள். இரவு பகல் நிற்காது. நிறுத்தி மறுபடி கிளப்புவதே பெரிய திட்டம்.

தெம்பனிஸ் வாசகர்: கன்வேயர் பெல்ட் காலம் முடிந்துவிட்டதா?

இல்லை. 1913இல் ஃபோர்டு நகரும் வரிசையைக் கொண்டுவந்தபோது, 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த கார் அடிச்சட்டக வேலை சுமார் 93 நிமிஷத்துக்கு இறங்கியது. 1941இல் புக்கிட் தீமாவிலும் ஃபோர்டு கார் பூட்டும் ஆலை வந்தது. மறு வருஷம் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம். 2023இல் ஜூரோங்கில் ஹூண்டாய் திறந்த ஆலையில் நீண்ட பெல்ட் கிடையாது. தனித்தனி அறைபோன்ற செல்களில் கார் உருவாகிறது. ரகம் அதிகம், எண்ணிக்கை குறைவு என்றால் செல். ஒரே பொருள் லட்சக்கணக்கில் என்றால் பெல்ட்டை அடிக்க ஆளில்லை.

தேக்கா வியாபாரி: ஸ்டாக்கே வைக்காமல் ஜஸ்ட் இன் டைம் முறையில் ஓட்டலாமா?

ஓட்டலாம், பார்த்து. கையிருப்பு இல்லாவிட்டால் எங்கே தடை வந்தாலும் வேலை நிற்கும். 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது எங்களுக்குச் சரக்கு லாரி வந்தது, லைனில் நிற்க வேண்டிய ஆட்கள்தான் ஜோகூரில் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் பிடிக்கிறது என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.