கைபேசியின் பூட்டும் ஓட்டையும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி, கைபேசி திருடுபோனதைப் பற்றியவை. மீதி, 'அப்டேட்' செய்ய வேண்டுமா என்பதைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருடன் கையில் சிக்கிய கைபேசியைக் காப்பது அதன் பூட்டு. அந்தப் பூட்டில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது அப்டேட்.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பேருந்தில் ஏறியபோது சட்டைப் பையில் இருந்த கைபேசி போய்விட்டது. நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போனேன். சிம்மை முடக்க மறுநாள்தான் தோன்றியது. எதை முதலில் செய்திருக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

காவல் நிலையத்துக்குப் போனது சரி. ஆனால் அது மூன்றாவதாகச் செய்ய வேண்டியது. பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியை வாங்கி, உங்கள் கூகுள் கணக்கில் 'ஃபைண்ட் ஹப்' பக்கத்தைத் திறந்து, தொலைவிலிருந்தே பூட்டும் கட்டளையைக் கொடுப்பது முதல் வேலை. ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' பக்கத்தில் 'தொலைந்தது' என்று குறிக்க வேண்டும். இதை சிம்மை முடக்குவதற்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத் தொடர்பு இருக்கும்போதுதான் கட்டளை கைபேசியைச் சென்றடையும்; பெரும்பாலானோரின் கைபேசிக்கு இணையம் கிடைப்பதே அந்த சிம் வழியாகத்தான். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை என்றால் அதோடு போராடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து எண்ணை முடக்குவதும், வங்கியை அழைத்து யு.பி.ஐ., இணைய வங்கிச் சேவைகளை நிறுத்தச் சொல்வதும். வங்கியிடம் புகார் எண் கேட்டு வாங்கி, நேரத்தோடு குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நீங்கள் தகவல் தெரிவித்த பிறகு நடக்கும் மோசடிக்கான இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். ஆகவே எந்த நிமிடத்தில் தெரிவித்தீர்கள் என்பதற்குச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் முடக்கும் வாய்ப்பு, தாமதிக்கத் தாமதிக்கக் குறைந்துகொண்டே போகும்.

அதன் பிறகு காவல் நிலையம். புகார் மனுவில் கைபேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தவறாமல் எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் உண்டு, இரண்டையும் எழுத வேண்டும். பிறகு தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில், ரசீதின் நகலையும் கைபேசி வாங்கிய பில்லையும் ஏற்றி, அந்தக் கைபேசியையே நாடு முழுவதும் முடக்கக் கோரலாம். 2023 மே மாதம் முதல் இந்த வசதி எல்லா மாநிலங்களுக்கும் இருக்கிறது. முடக்கிய பின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அதில் இணைப்பு கிடைக்காது. அதே சமயம் காவல்துறை அதைத் தேடுவதற்கும் தடை இராது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: இந்தக் கோரிக்கையை உறுதிசெய்ய ஓ.டி.பி. வேண்டும், மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வராது. அந்த ஒரு நாளை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

இதைப் படிப்பவர்கள் இப்போதே *#06# என்று அழுத்தி, திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கைபேசிக்குள்ளேயே குறித்து வைத்தால் கைபேசியோடு அதுவும் போய்விடும்.

என் கைபேசிக்குக் கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறேன். திருடனால் திறக்க முடியாதபோது பணத்தை எப்படி எடுப்பான்?
– இல்லத்தரசி, மதுரை

அவன் கைபேசியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி நகரத் தொடங்கிய நொடியில் வெளியிலிருந்து ஒரு கை கைபேசியைப் பறித்துக்கொண்டது. நல்ல பூட்டு போட்ட கைபேசிதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் உறவினர்கள் பலருக்கும் அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து, "அவசரம், பத்தாயிரம் அனுப்புங்கள்" என்று செய்தி வந்தது. சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் கேட்ட ஓ.டி.பி. அந்த சிம்முக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சித்தப்பா ஒருவர் பணம் அனுப்பியும்விட்டார். அக்காவுக்குக் கைபேசி போனதைவிட அதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஆகவே கைபேசிக்குப் போட்டதைப் போல சிம்முக்கும் பூட்டுப் போடுங்கள். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடினால் கிடைக்கும். முதலில் நிறுவனம் வைத்திருக்கும் பின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களுடையதாக மாற்ற வேண்டும். அந்த முதல் எண்ணை ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான 8 இலக்க 'பக்' எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். இந்தப் பூட்டைப் போட்ட பின், சிம்மை எந்தக் கைபேசியில் செருகினாலும் பின் எண் இல்லாமல் அது உயிர்பெறாது. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணையும் வைத்துவிடுங்கள். அக்காவுக்கு இவ்விரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் அன்று தப்பித்திருப்பார்.

பணத்துக்கு வருகிறேன். யு.பி.ஐ. செயலியை வேறு கைபேசியில் பதிவுசெய்ய சிம் இருந்தால் போதும்; பணம் அனுப்ப யு.பி.ஐ. பின் எண் தேவை. அதைப் புதிதாக அமைக்க, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி தேதியும் கேட்கப்படும். அல்லது ஆதாரின் முதல் ஆறு இலக்கங்களும் ஓ.டி.பி.யும் கேட்கப்படும். இப்போது நம் பெண்கள் பலர் வைத்திருக்கும், புத்தகம்போல் திறக்கும் கைபேசி உறையை நினைத்துப் பாருங்கள். ஒரு மடிப்பில் டெபிட் கார்டு, இன்னொன்றில் ஆதார் அட்டை, நடுவே கைபேசி, அதற்குள் சிம். திருடனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறோம். இன்றைக்கே அந்த அட்டைகளை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேலரியில் இருக்கும் அட்டைப் படங்களையும் அழித்துவிடுங்கள், ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கும்போது பறிக்கப்படும் கைபேசி திறந்த நிலையில்தான் போகிறது.

அப்படித் திறந்த நிலையில் பறிபோவதற்கு எதிராக 2024-இல் இரு பக்கமும் நல்ல ஏற்பாடுகள் வந்தன. ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு மேலும் உள்ள கைபேசிகளில் கூகுள் கொண்டுவந்த திருட்டுக் கண்டறியும் பூட்டு, கைபேசி வெடுக்கென்று பிடுங்கப்பட்டு ஓட்டமாகவோ வண்டியிலோ கொண்டுபோகப்படுவதை அதன் அசைவிலிருந்தே உணர்ந்து திரையைப் பூட்டிவிடும். ஆப்பிள், ஐ.ஓ.எஸ். 17.3 பதிப்பில், பழக்கமில்லாத இடத்தில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் முகத்தையோ கைரேகையையோ கேட்டு, ஒரு மணி நேரம் காக்க வைத்து, மறுபடியும் கேட்கும்படி செய்தது. அமெரிக்க மதுக்கூடங்களில் பின் எண் அடிப்பதைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் திருடியவர்களைப் பற்றி 2023-இல் செய்திகள் வெளியான பிறகு வந்த ஏற்பாடு இது. பேருந்தில் நின்றுகொண்டு பின் எண் அடிக்கும் நமக்கும் இது பொருந்தும். இவை உங்கள் கைபேசியில் இயங்குகின்றனவா என்று செட்டிங்ஸில் பார்த்து, இல்லையென்றால் இயக்கிவிடுங்கள்.

மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் என்று வருகிறது. டேட்டாதான் தீர்கிறது, எந்த மாற்றமும் தெரியவில்லை. செய்யாமல் விட்டால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

கண்ணுக்குத் தெரியாததை நம்பச் சொல்வது கடினம் என்பதால், நடந்த ஒன்றைக் கூறுகிறேன். ஹங்கேரியைச் சேர்ந்த டேவிட் ஷூட்ஸ் என்ற ஆய்வாளர், 2022-இல் கூகுள் தயாரிப்பான தம் பிக்ஸல் கைபேசியில் சிம்மின் பின் எண்ணை மறந்து மூன்று முறை தவறாக அடித்தார். கைபேசி 'பக்' எண்ணைக் கேட்டது, கொடுத்தார், புதிய பின் எண்ணை வைத்தார். அதன் பின் கைபேசி நடந்துகொண்ட விதம் அவருக்கு விசித்திரமாகப் பட்டதால், அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒருமுறை, கைபேசியை அணைத்து எழுப்பாமல், பூட்டிய நிலையிலேயே சிம்மைக் கழற்றி மாட்டிவிட்டு 'பக்' எண்ணைக் கொடுத்தபோது, கைரேகையும் கேட்காமல், பூட்டின் எண்ணும் கேட்காமல், கைபேசி நேராக முகப்புத் திரைக்குத் திறந்துகொண்டது.

நடந்தது இதுதான். 'பக்' எண் சரியாக இருந்ததும், "இப்போது மேலே இருக்கும் பூட்டுத் திரையை நீக்கு" என்று ஒரு கட்டளை போகிறது. நீக்கப்பட வேண்டியது சிம்மின் திரை. ஆனால் சிம் உயிர்பெற்ற அந்தக் கண நேரத்தில் சிம்மின் திரை தானாகவே விலகி, அதன் இடத்தில் கைபேசியின் சொந்தப் பூட்டு வந்து நிற்கிறது. கட்டளை அதை நீக்கிவிடுகிறது. பொருள் என்னவென்றால், திருடன் தன் சொந்த சிம்மையும் அதன் 'பக்' எண் அச்சிட்ட அட்டையையும் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும், ஒரு நிமிடத்தில் அந்தக் கைபேசியைத் திறந்துவிடலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் 13 வரை இந்த ஓட்டை இருந்தது. கூகுள் அவருக்கு 70,000 டாலர் பரிசளித்தது. 2022 நவம்பர் பாதுகாப்பு அப்டேட்டில் ஓட்டையை அடைத்தது. அந்த மாதத்து அப்டேட்டும் பார்வைக்கு எந்த மாற்றத்தையும் காட்டியிருக்காது. போட்டவர்களின் பூட்டு பூட்டாக இருந்தது; போடாதவர்களின் பூட்டைத் திறக்கும் வழியோ, அவர் அதை விளக்கி எழுதிய பிறகு, எல்லோரும் அறிந்த ஒன்றாகிவிட்டது. அடைப்பு வெளியான பின் தாமதிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

மாதாமாதம் வருவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை தெரியவந்தது. விஷம் வைத்த ஒரு காணொளியை எம்.எம்.எஸ். மூலம் அனுப்பினாலே, பெறுபவர் திறக்காவிட்டாலும், கைபேசிக்குள் நுழைய முடியும் என்ற நிலை. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியது. டேட்டாவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வைஃபை இருக்கும் வீட்டுக்குப் போகும்போது செய்துகொள்ளுங்கள்.

என் கைபேசிக்கு இரண்டு ஆண்டுகளாக எந்த அப்டேட்டும் வரவில்லை. தூக்கி எறிய வேண்டியதுதானா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

வேண்டாம். ஆனால் அதில் வங்கிச் செயலிகளையும் யு.பி.ஐ.யையும் வைத்திருக்காதீர்கள், பாட்டு கேட்க, பாடக் காணொளி பார்க்க அது தாராளமாக உதவும். அடுத்து வாங்கும்போது, கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2023-இல் வந்த பிக்ஸல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று நிறுவனங்களே உறுதி கூறியிருக்கின்றன; குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றில் இது பாதிகூட இருக்காது. மலிவாகத் தெரியும் கைபேசி உண்மையில் மலிவுதானா என்பதை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால்தான் புரியும்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் ஒன்று 'ஏ.பி.கே.' கோப்பாக வந்திருக்கிறது. திறக்கலாமா?
– வாசகர், ஈரோடு

திறக்கக் கூடாது. அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏ.பி.கே. என்பது செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டு, ஓ.டி.பி.க்களைத் திருடும். போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் இதே மோசடி நடக்கிறது. அனுப்பியவரின் கணக்கு பறிபோயிருக்கக்கூடும் என்பதால் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

பழைய கைபேசி வாங்கப்போகிறேன். திருட்டுப் பொருளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், வேலூர்

பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே *#06# அழுத்தி எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண் என 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கைபேசியின் நிலை பதிலாக வரும். திரையில் தெரியும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் வேறுபட்டால் வாங்காதீர்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பில் தர மறுக்கும் கடையில் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஐபோன் திருடுபோய் ஒரு வாரம் ஆகிறது. "உங்கள் கைபேசி கிடைத்துவிட்டது, இடத்தைக் காண இந்த இணைப்பைத் தொடவும்" என்று மாற்று எண்ணுக்குச் செய்தி வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

நம்பாதீர்கள். உங்கள் ஆப்பிள் கணக்கோடு கட்டிப்போடப்பட்டிருக்கும்வரை அந்தக் கைபேசியை உதிரிப் பாகங்களாகத்தான் விற்க முடியும். கணக்கு நீங்கினால் முழுக் கைபேசியாக நல்ல விலைக்குப் போகும். அதற்கு உங்கள் கடவுச்சொல் தேவை. 'தொலைந்தது' என்று குறித்தபோது தொடர்புக்கு நீங்கள் கொடுத்த எண் அந்தத் திரையிலேயே தெரிவதால், அதற்கே இந்த வலையை வீசியிருக்கிறார்கள். இணைப்பைத் தொட்டால் ஆப்பிளுடையதைப் போலவே ஒரு பக்கம் வந்து கடவுச்சொல்லைக் கேட்கும். ஏற்கெனவே தொட்டு, எழுதியும்விட்டீர்கள் என்றால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இல்லையென்றால் செய்தியை அழிக்காமல் படமெடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது தந்த காவல் நிலையத்தில் கொடுங்கள். கைபேசியை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். "நீக்கினால்தான் திருப்பித் தர முடியும்" என்று யார் எவ்வளவு பரிவோடு பேசினாலும் சரி.