கண்வலிக்கிழங்கில் பூ நிறைய, காய் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: அரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டு இது இரண்டாம் வருடம். கொடி நன்றாக ஏறி, பூவும் நிறையப் பிடித்திருக்கிறது. ஆனால் பத்துப் பூவில் இரண்டுகூடக் காயாக நிற்பதில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கொடி செழிப்பாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கண்வலிக்கிழங்கின் பூவான செங்காந்தளின் அமைப்பே அப்படி.

நாளைக் காலை, புதிதாக விரிந்த ஒரு பூவைப் பிடித்துப் பாருங்கள். ஆறு இதழும் நெளிநெளியாகப் பின்னுக்கு மடங்கியிருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்கும். நடுவில் பச்சையாக இருப்பதுதான் காயாக வேண்டிய சூலகம். அதிலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேராக வராமல், அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் சொந்த மகரந்தம் அதன் நுனியில் தானாக விழுவது அரிது. வேலியோரம் காடாக வளரும் கொடிக்கு வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் இந்த வேலையைச் செய்துவிடும். அரை ஏக்கர் பூவுக்கு அவை போதாது, நாம்தான் கை கொடுக்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்குங்கள். மகரந்தப் பை வெடித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விரலில் மஞ்சள் மாவு ஒட்டினால் தயார். அந்தத் தாளைக் கிள்ளி, வேறு கொடியில் உள்ள பூவின் சூல்தண்டு நுனியில், மூன்றாகப் பிரிந்திருக்குமே, அங்கே மெதுவாகத் தடவுங்கள். அழுத்த வேண்டாம். கொடியில் கீழ்ப்பூ முதலில் விரியும், அப்புறம் மேலே மேலே போகும். அதனால் பூ இருக்கும்வரை தினமும் ஒரு சுற்று வந்தாக வேண்டும். ஆள்கூலி ஆகும்தான். ஆனால் வாத மருந்துக்கான கோல்சிசின் எடுக்க வாங்குவது விதையைத்தான். காய் இல்லாவிட்டால் வருமானம் ஏது? இரவு மழை பெய்திருந்தால் பூ உலர்ந்த பிறகு செய்யுங்கள்.

பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து வேண்டாம், வருகிற கொஞ்சம் வண்ணத்துப்பூச்சியும் போய்விடும். கருப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு இலையைத் தின்றால், கையுறை போட்டுப் பொறுக்கி அழியுங்கள்.

இந்தச் செடி கிழங்கு முதல் விதை வரை கடும் விஷம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். தோண்டிய கிழங்கைச் சமையல் கிழங்கென்று யாராவது எடுத்துவிடலாம். வீட்டுக்குள் வைக்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.