பெருவில் 'சிவாய்' என்று ஓர் ஊர் இருக்கிறதாமே, அங்கே யார் வாழ்கிறார்கள்?

இருக்கிறது. நான் அங்கே மூன்று இரவு தங்கியிருக்கிறேன்.

'பெருவில் சிவன் ஊர், அங்கே இருப்பது தமிழர்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் நம் காதுக்குப் பழக்கமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். இதற்காக என்னைத் தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று யாரும் திட்ட வேண்டாம்.

சிவாய் போக, பெருவின் அரெகிப்பா நகரில் சுற்றுலா நடத்தும் ஒருவரிடம் பணம் கட்டியிருந்தேன். வண்டியும் வரவில்லை, பணமும் திரும்பி வரவில்லை. நான்கு மின்னஞ்சல் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. வெளிநாட்டுக்காரன் இன்னொரு முறை வரவா போகிறான் என்ற தைரியம்! இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. சரி, அதனால்தான் சாதாரண பேருந்தில் ஏறினேன்.

வழியில் பட்டபம்பா கணவாய், 4,910 மீட்டர். அந்த உயரத்தில் தலை இரண்டாகப் பிளப்பது போல வலி, குமட்டல். பக்கத்து இருக்கைப் பாட்டி மடியிலிருந்த துணிப்பையைப் பிரித்து, நாலைந்து கோக்கா இலைகளை என் உள்ளங்கையில் வைத்து, கன்னத்தில் அடக்கிக்கொள்ளும்படி சைகை காட்டினார். போதைப்பொருள் என்று பாயாதீர்கள். பெருவில் அது சந்தையில் வெளிப்படையாக விற்கும் இலை. ஊருக்கு மட்டும் கொண்டு வந்துவிடாதீர்கள்.

சிவாய் அதைவிடக் கீழே, 3,635 மீட்டரில், கோல்கா ஆற்றை ஒட்டி இருக்கிறது. கைலோமா மாகாணத்தின் தலைநகர் என்றாலும் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. பேசுவது கெச்சுவாவும் ஸ்பானிஷும். சுற்றிலும் இன்காக்களுக்கும் முந்தைய படிக்கட்டு வயல்கள், இன்னும் பயிர் ஏறுகிறது.

பாட்டி என்னைச் சந்தைக்கு அழைத்துப்போய் சூப் வாங்கிக் கொடுத்தார். தன் வெள்ளை வைக்கோல் தொப்பியைத் தொட்டு "கொயாகுவா" என்றார். எதிர்க்கடைப் பெண்ணின் பூத்தையல் போட்ட துணித் தொப்பியைக் காட்டி "கபானா" என்றார். பள்ளத்தாக்கின் இரண்டு இனங்கள் அவை. ஒரு காலத்தில் கொயாகுவா மக்கள் குழந்தைகளின் தலையைக் கட்டி நீளமாக்குவார்களாம், கபானா மக்கள் அகலமாக்குவார்களாம். அவரவர் தங்களைப் பெற்றதாக நம்பிய மலையின் வடிவம் அது. ஸ்பானியர் அதைத் தடுத்துவிட்டார்கள். இன்று தொப்பியைப் பார்த்துத்தான் யார் எவர் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

பாட்டியைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பார், அங்கேயும் நம்ம ஆளுங்கதான்" என்று ஒரு மாமா. மனது நொந்துவிட்டது. அந்தப் பாட்டி தன் இனத்தின் பெயரை எனக்கு எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! அதை அழித்துவிட்டு நம் பெயரை எழுத நமக்கு என்ன உரிமை?

போவதானால், உயரம் உடம்புக்குப் பழக, முதலில் அரெகிப்பாவில் இரண்டு நாள் தங்குங்கள். சிவாயில் இறங்கியதும் மெதுவாக நடங்கள், முதல் நாள் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும், தேநீர் சூடாக இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.