.30-06 துப்பாக்கியின் உதையால் தோள் கன்றிப்போகிறது. ரப்பர் பேட் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: "டெக்சாஸில் இருக்கிறேன். மான் வேட்டைக்காகப் பழைய ரெமிங்டன் 700 ஒன்று வாங்கினேன். .30-06 ரகம், வால்நட் கட்டை, பின்புறம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. ரேஞ்சில் ஒரு பெட்டி தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் தோள் கன்றிவிடுகிறது. ரீகாயில் பேட் மாற்றினால் குறையுமா? நானே வீட்டில் மாற்றலாமா? என் மனைவியும் இதே துப்பாக்கியில் சுடப் பழகுகிறார்."

குறையும், நன்றாகவே குறையும். ஆனால் கடைக்குப் போய் "இருப்பதிலேயே மெத்தென்ற பேட் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் உடம்புக்கும் அந்தக் கட்டைக்கும் (துப்பாக்கியைத் தோளில் தாங்கும் மரப்பகுதிக்கும்) உள்ள நீளப் பொருத்தத்தை அளந்து பாருங்கள். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். தெரிந்தவர்களின் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பேட் பொருத்திக் கொடுப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை. "உதைக்கிறது" என்று வருகிற துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் குறை அளவில்தான் இருக்கிறது. ரப்பரின் மென்மை அதற்கு அடுத்ததுதான்.

முதலில் உதையின் கணக்கைப் பார்ப்போம். 150 கிரெயின் குண்டு என்பது ஏறத்தாழ 9.7 கிராம். அது வினாடிக்குச் சுமார் 880 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. அதன் பின்னாலேயே மூன்றரை கிராம் மருந்து எரிந்த வாயு இன்னும் வேகமாகப் பீறிடுகிறது. இரண்டும் முன்னால் கொண்டுபோகும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்தே தீரும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து 3.6 கிலோ என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் உங்கள் தோளுக்கு வருகிறது. ஆற்றல் 23 ஜூல் அளவு. அதே எடையுள்ள துப்பாக்கி .243 வின்செஸ்டர் என்ற சிறிய ரகம் என்றால் இதில் பாதிதான்.

எந்த ரப்பரும் இந்தக் கணக்கை மாற்றாது. பேட் செய்வது இரண்டு வேலை. அமுங்கும்போது அந்த அடியைக் கொஞ்சம் கூடுதலான நேரத்துக்குப் பரப்புகிறது. அகன்ற இடத்தில் படிந்து, ஒரே புள்ளியில் குத்தாமல் பார்த்துக்கொள்கிறது. உங்களிடம் இருக்கும் பிளாஸ்டிக் தகடு இந்த இரண்டையும் செய்வதில்லை. அந்தக் காலத்தில் .30-06 போன்ற ரகங்களுக்கு ரப்பர் தேவை என்று பல தயாரிப்பாளர்கள் நினைக்கவில்லை. இன்னும் பலமாக உதைக்கும் மேக்னம் ரகங்களுக்குத்தான் போட்டார்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். விசையின் (டிரிகரின்) நடுவிலிருந்து கட்டையின் அடிமுகத்து, அதாவது தோளில் பதியும் பின்முனையின், நடு வரை உள்ள தூரத்தை இங்கே 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் இது வழக்கமாக 13½ அங்குலத்தை, அதாவது 34.3 செ.மீ.யை, ஒட்டி இருக்கும். நல்ல உயரமும் நீண்ட கையும் உள்ளவருக்கு இது சரி. நம்மில் பலருக்கு நீளம். கட்டை நீளமாக இருந்தால் அதை எட்டிப் பிடிக்கக் கழுத்தை நீட்டுவோம், உடம்பு பின்னால் சாயும், அடிமுகம் தோள்குழியிலிருந்து நழுவிப் புயத்தின் சதையில் உட்காரும். கன்றல் அங்கேதான் விழும். உங்களுக்கு எங்கே கன்றுகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். புயத்தின் பக்கம் இருந்தால் கட்டை நீளம் என்று சந்தேகப்படலாம். காறை எலும்பின் மேல் இருந்தால் துப்பாக்கியை மிக உள்ளே, கழுத்தை ஒட்டி வைக்கிறீர்கள்; அதற்குப் பேட் மருந்தாகாது, வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்பாதீர்கள். அது முன்கை நீளத்தை மட்டும்தான் சொல்லும். காலியான துப்பாக்கியை, வேட்டைக்குப் போடும் சட்டையோடு, கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் கன்னம் கட்டையில் இயல்பாகப் பதிந்திருக்க வேண்டும்; விசைக் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நீளம். மூக்கில் விரல் முட்டினால் குட்டை. இங்கே நவம்பர் கடைசியில் மான் சீசன் தொடங்கும்போது தடித்த கோட்டு இல்லாமல் காட்டில் நிற்க முடியாது, அந்தத் தடிமனையும் கணக்கில் சேர்ப்போம். டெக்சாஸில் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

அளந்து முடித்தால் எந்த வகை பேட் என்பது தானாகவே தெரிந்துவிடும். உறைபோல மாட்டிக்கொள்ளும் ஸ்லிப்-ஆன் வகைக்கு எந்த வேலையும் இல்லை, ஆனால் நீளத்தை 2 செ.மீ. அளவுக்குக் கூட்டிவிடும். குறிப்பிட்ட மாடலுக்கென்றே வார்த்து விற்கும் ப்ரீ-ஃபிட் வகையை இரண்டு ஸ்குரூ கழற்றி இரண்டு ஸ்குரூ போட்டு முடித்துவிடலாம். பெரிதாக வாங்கித் தேய்த்துக் குறைக்கும் கிரைண்ட்-டு-ஃபிட் வகைக்குத்தான் பொறுமை வேண்டும். பாக்மேயர் டிசெலரேட்டர், லிம்ப்சேவர் இரண்டும் எங்கும் கிடைப்பவை, நான் இரண்டையும் பொருத்தியிருக்கிறேன். லிம்ப்சேவர் சற்று அதிகம் அமுங்கும். டிசெலரேட்டர் தேய்ப்பதற்கு நன்றாக ஒத்துழைக்கும். கன்றல் நிற்பதற்கு இரண்டில் எதுவும் போதும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் தகட்டின் தடிமன் அரை செ.மீ. இருக்கும். புதுப் பேட் இரண்டரை செ.மீ. வெறுமனே மாற்றினால் கட்டை 2 செ.மீ. நீண்டுவிடும். ஏற்கெனவே நீளமாக இருப்பதை மேலும் நீட்டுவது வலிக்குக் காசு கொடுப்பது போலத்தான். ஆகவே மரத்தை வெட்ட வேண்டியிருக்கும். இப்போது தகட்டோடு 34.5 இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 33.5 என்றால், மரம் மட்டும் 31 செ.மீ. நிற்க வேண்டும், தகடு போக மரம் இப்போது 34, ஆகவே 3 செ.மீ. வெட்ட வேண்டும். கட்டை பின்னால் போகப் போக அகலும் என்பதால், வெட்டியதும் அடிமுகம் சிறுத்துவிடும். அதன் பிறகு ப்ரீ-ஃபிட் பொருந்தாது. வெட்டுவதாக இருந்தால் கிரைண்ட்-டு-ஃபிட் வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். வார் மாட்டும் கொக்கியின் ஆணி கட்டையின் அடியில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், வெட்டுக்கோடு அதன் மேல் வந்துவிடக் கூடாது. அடுத்து, துப்பாக்கியின் வயது. உங்களுடைய 700 போன்றவை ஏராளமாக இருக்கின்றன, தயங்க வேண்டாம். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது 1964க்கு முன் செய்த வின்செஸ்டர் மாடல் 70 வைத்திருந்தால், அதன் மூலக் கட்டையில் ரம்பத்தை வைக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் மூலக் கட்டைக்குத்தான் பணம் தருகிறார்கள். தனியாக ஒரு கட்டை வாங்கி அதை வெட்டிக்கொண்டு, பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை தொடங்கும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தோட்டா உட்காரும் மருந்தறைக்குள் விரலை விட்டுக் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டையையும் இரும்பையும் பிரித்து, கட்டையை மட்டும் மேசைக்குக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தகட்டின் ஸ்குரூக்கள் வெளியே தெரியும், சுலபமாக வந்துவிடும். பின்னாளில் ரப்பர் பேடைக் கழற்ற நேர்ந்தால் ஸ்குரூவைக் காணோமே என்று திகைக்க வேண்டாம். ரப்பரின் முகத்தில் இரண்டு சிறு கீறல் போன்ற வாய் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் தண்டில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி அதற்குள் நேராக இறக்குங்கள். சோப்பு இல்லாமல் திருகினால் தண்டு ரப்பரைக் கவ்விக் கிழித்துவிடும்.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிலும் இறுக்கமாக ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, நுண்பல் ரம்பத்தால் வெட்டுங்கள். டேப் இல்லாவிட்டால் மெருகு செதில் செதிலாகப் பெயரும். கோடு போடும்போது பழைய அடிமுகம் இருந்த அதே சாய்வைக் காப்பாற்றுங்கள். அந்தச் சாய்வு தவறினால் கட்டையின் கீழ் நுனி மார்பில் குத்தும், எவ்வளவு விலை உயர்ந்த ரப்பரும் அதைத் தடுக்காது. வெட்டிய முகத்தைத் தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து, வார்னிஷோ டங் எண்ணெயோ பூசுங்கள். வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும், பூசாமல் மூடிவிட்டால் மழைக்காலத்தில் உப்பும்.

பழைய துளைகள் புது பேடின் துளைகளோடு கிட்டத்தட்ட சேர்ந்தும் சேராமலும் இருந்தால், பல்குத்தும் குச்சிகளை மரப் பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகி, காய்ந்ததும் நறுக்கிவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். வால்நட்டில் துளையிடாமல் ஸ்குரூவை முறுக்கினால் மரம் பிளக்கும்.

பேடைப் பொருத்தினால் சுற்றிலும் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். கட்டையின் ஓரத்தை ஒட்டி ஒரு கூரான ஊசியால் பேடின் கடினமான அடித்தகட்டில் கோடு கீறுங்கள். கழற்றிப் பார்த்தால் கறுப்புத் தகட்டில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடுவரை பெல்ட் சாண்டரில் தேய்க்க வேண்டும். 80 எண் தாளில் தொடங்கி, கோட்டை நெருங்கும்போது 120க்கு மாறுங்கள். இந்த வேலையின் உயிர் கீழ் நுனியில் இருக்கிறது. கட்டையின் அடிக்கோடு பின்னால் போகும்போது சாய்ந்து இறங்குகிறது அல்லவா, பேடும் அதே சாய்வில் தொடர வேண்டும். நேர்க்குத்தாகத் தேய்த்துவிட்டால் அந்த இடம் முறிந்தாற்போல் தெரியும். பேடைச் சாய்த்துப் பிடிக்க ஒரு ஜிக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். ரப்பர் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் இல்லாமல் இறங்காதீர்கள். கடைசி மயிரிழையைக் கட்டையில் பொருத்தியபடியே, மரத்துக்கு டேப் ஒட்டி, 220 எண் தாளில் கையால் எடுங்கள். பேடின் மேல் முனையைச் சற்று உருட்டிவிடுங்கள், அப்போதுதான் மான் எதிரே நிற்கும்போது அது சட்டையில் சிக்காது.

ப்ரீ-ஃபிட் என்றால் இதில் எதுவும் இல்லை, அரை மணி நேர வேலை. கிரைண்ட்-டு-ஃபிட்டுக்கு உங்களிடம் சாண்டர் இல்லையென்றால் துப்பாக்கித் தச்சரிடமே கொடுத்துவிடலாம், அதில் தவறே இல்லை. நீளத்தை மட்டும் நீங்களே அளந்து சொல்லுங்கள்.

கட்டை குட்டையானதும் ஸ்கோப் உங்கள் கண்ணுக்கு நெருங்கிவிடும். பெரும்பாலான ஸ்கோப்புகளுக்குக் கண்ணிலிருந்து 9 செ.மீ. அளவு இடைவெளி வேண்டும். அதை முன்னால் நகர்த்தாமல் சுட்டால் புருவம் கிழியும். நகர்த்திய பிறகு மீண்டும் ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நீங்கள் ரேஞ்சில் சுடும்போது கன்றுகிறது என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசையில் கவிழ்ந்து உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் அசைய இடமில்லை, மொத்த அடியும் தோளில் இறங்கும். நின்று சுட்டால் உடம்பே ஆடிக்கொடுத்து உதையை வாங்கிக்கொள்ளும். மணல் மூட்டையை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஜீரோ பார்க்கும் அன்றைக்கு மட்டும் சட்டைக்கு மேல் அணியும் தோள்கவசம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். காதடைப்பானும் அதன் மேல் காதுறையும் சேர்த்துப் போடுங்கள்; பாதி பயம் ஓசையால் வருவது. அந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் விசையை இழுக்கும் முன்பே உடம்பு சுருங்கும், குண்டு கீழே போகும். சந்தேகம் இருந்தால் நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் மருந்தே இல்லாத, வெடிக்காத டம்மித் தோட்டா கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். டம்மித் தோட்டாவில் குழல் முனை குனிந்தால் பயம் இருக்கிறது என்று பொருள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருவருக்கும் ஒரே நீளம் பொருந்துவது அரிது. உயரம் குறைந்தவருக்கு ஏற்றபடி மரத்தை வெட்டிப் பேடைப் பொருத்துங்கள். நீங்கள் சுடும்போது அதன் மேல் ஸ்லிப்-ஆன் ஒன்றை மாட்டிக்கொண்டால் உங்கள் நீளம் வந்துவிடும். ஸ்கோப்பை இருவருக்கும் நடுவான இடத்தில் வைக்கலாம், ஆனால் அவர் கன்னம் பதித்துப் பார்க்கும்போது அந்த 9 செ.மீ. குறையாமல் இருக்க வேண்டும். பழகும் நாட்களில் அவருக்கு 125 கிரெயின் குண்டுள்ள குறைந்த உதைத் தோட்டாவைக் கொடுங்கள். ஹார்னடி நிறுவனம் கஸ்டம் லைட் என்ற பெயரில் .30-06க்கு அப்படி ஒன்று செய்கிறது. வழக்கமான தோட்டாவைவிட உதை தெளிவாகக் குறைவு, அருகில் நிற்கும் மானுக்கும் அது போதும். இரண்டு தோட்டாவுக்கும் குண்டு விழும் இடம் வேறு என்பதால், எந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறீர்களோ அதற்கே ஜீரோ வையுங்கள்.